கம்பில் கட்டிய பொதி: ஓய்வுநாள் பள்ளி ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

கிறிஸ்துவுக்குள் அன்பான அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும்,

போன மாதம் மிஷனரி ஞாயிறன்று ஆலயத்தின் பின்கட்டில் வழக்கம்போல டேவிட் லிவிங்ஸ்டன் கதை நடந்தது. தங்கை மகளைக் கூட்டிப்போக வந்தவன், வாசலில் நின்றபடி முழுவதையும் கேட்டேன். நாற்பது வருஷத்துக்கு முன்னால் அதே அறையில் பாயில் உட்கார்ந்து நான் கேட்ட கதைதான். அட்டைகள்கூட மாறவில்லை. சிங்கம் கையைக் கவ்வுகிறது. பேரருவி கொட்டுகிறது. தேடிவந்த ஸ்டான்லி தொப்பியைத் தூக்குகிறார். கட்டிலோரம் முழங்காலில் நின்றபடியே கிழவர் உயிரை விடுகிறார். நாலு அட்டை. பிறகு "இருதயம் ஆப்பிரிக்காவில், உடல் லண்டனில்" என்று சொல்லி ஜெபம்.

குறை சொல்லத்தான் எழுதுகிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். அந்த உடல் லண்டனுக்கு எப்படிப் போனது?

சிறுவயதில் எனக்கு இது தோன்றவே இல்லை. கப்பலில் போயிருக்கும் என்று நினைத்திருப்பேன். கப்பல் நிற்கும் கடற்கரை அங்கிருந்து ஆயிரம் மைல் நடைக்கு அப்பால் என்பது பின்னாளில் படித்தபோதுதான் உறைத்தது. 1873 மே மாதத் தொடக்கத்தில், இன்றைய ஜாம்பியாவில், பங்க்வியூலு ஏரியை அடுத்த சித்தாம்போ என்ற தலைவரின் ஊரில் லிவிங்ஸ்டன் இறந்தார். உடன் இருந்தது ஏறத்தாழ அறுபது ஆப்பிரிக்கர்கள். அங்கேயே அடக்கம் செய்துவிட்டு அவரவர் வழியைப் பார்த்துப் போயிருக்கலாம். கேட்க ஆளில்லை, பார்க்க ஒரு வெள்ளைக்காரர் இல்லை. அவர்கள் கூடிப் பேசினார்கள். கொண்டுபோவது என்று முடிவு செய்தார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல விடுங்கள். கூட்டத்தில் ஃபரிஜாலா என்று ஒருவர். சான்சிபாரில் ஒரு டாக்டரிடம் வேலை பார்த்தபோது பிரேதப் பரிசோதனையைக் கண்ணால் பார்த்தவர். அவர்தான் வயிற்றைக் கீறி உள்ளுறுப்புகளை எடுத்தார். காரஸ் ஃபாரர் என்ற இளைஞர் துணை. இருதயத்தையும் குடலையும் மாவு வைத்திருந்த தகரப் பெட்டியில் போட்டு ஒரு மரத்தடியில் புதைத்தார்கள். ஜேக்கப் வெயின்ரைட் என்ற இன்னொரு இளைஞர் அடக்க ஆராதனை முறைமையை வாசித்தார். அப்புறம் உடலுக்கு உப்பிட்டு, இரண்டு வாரம் வெயிலில் காயவைத்தார்கள். நமக்குக் கருவாடு தெரியும், அதனால் விளக்க வேண்டியதில்லை. காய்ந்த உடலைத் துணியில் சுற்றி, மரப்பட்டையை உருளையாக உரித்து அதற்குள் வைத்து, மேலே பாய்மரத் துணி தைத்து, தார் பூசி, ஒரு கம்பில் கட்டினார்கள். முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர்.

ஜேக்கப்பும் காரஸும் எங்கே படித்தவர்கள் தெரியுமா? நம் நாசிக்கில். அடிமைப் படகுகளிலிருந்து ஆங்கிலேயக் கடற்படை மீட்ட ஆப்பிரிக்கப் பிள்ளைகளைப் பம்பாய்க்குக் கொண்டுவந்தார்கள். நாசிக் அருகே சரண்பூரில் சர்ச் மிஷனரி சங்கம் நடத்திய விடுதியில் அவர்களுக்குப் படிப்பும் கைத்தொழிலும் கிடைத்தன. அங்கிருந்து போன பிள்ளைகளை ஆங்கிலேயர் 'நாசிக் பையன்கள்' என்றே எழுதிவைத்தார்கள். இந்தியாவில் ஒரு மிஷன் பள்ளியில் வாசிக்கக் கற்ற ஆப்பிரிக்கப் பையன், ஆப்பிரிக்கக் காட்டில் ஒரு ஸ்காட்லாந்துக்காரருக்கு அடக்க ஆராதனை நடத்தியிருக்கிறான். நம் பிள்ளைகளுக்குச் சொல்ல இதைவிட நெருக்கமான மிஷனரி சரித்திரம் எது இருக்கிறது? அதைத்தான் நாம் விட்டுவிட்டோம்.

வழியில் தான்சானியா உள்நாட்டில் லிவிங்ஸ்டனைத் தேடிவந்த கேமரூன் என்ற ஆங்கிலேயக் கடற்படை அதிகாரி எதிர்ப்பட்டார். இங்கேயே புதைத்துவிடுங்களேன் என்றார். முடியாது என்றார்கள். லிவிங்ஸ்டனின் கருவிகள் சிலவற்றை அவர் எடுத்துக்கொண்டார், அதைத் தடுக்க முடியவில்லை. அந்த இடத்தைத் தாண்டியதும் இன்னொரு தடை. எங்கள் எல்லை வழியாகப் பிணத்தைக் கொண்டுபோக விடமாட்டோம் என்றார்கள் ஓர் ஊரார். (பிணம் போகிற பாதைக்காக நம் பக்கம் இன்றும் நடக்கிற தகராறுகள் எனக்கு ஞாபகம் வந்தன.) இவர்கள் என்ன செய்தார்கள்? சோளத்தட்டையை ஆள் நீளத்துக்குக் கட்டித் துணியில் சுற்றினார்கள். சரி, திரும்பக் கொண்டுபோய்ப் புதைத்துவிடுகிறோம் என்று எல்லோரும் பார்க்க அதைத் தூக்கிக்கொண்டு சிலர் பின்னால் நடந்தார்கள். காட்டுக்குள் போனதும் தட்டையைப் பிரித்து எறிந்துவிட்டு ராவோடு ராவாக வந்து சேர்ந்துகொண்டார்கள். நிஜ உடல் சாதாரணத் துணிப் பொதி மாதிரி கட்டப்பட்டு அதே ஊர் வழியாகப் போனது. ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகள் இந்த இடத்தில் கைதட்டாமல் இருப்பார்களா, சொல்லுங்கள்.

ஒன்பது மாதம். 1874 பிப்ரவரியில் கடற்கரை ஊரான பகமோயோவில் இறக்கினார்கள். கடற்படைக் கப்பல் வந்து பொதியை ஏற்றிக்கொண்டது. கூலியைக் கொடுத்து இவர்களை அனுப்பிவிட்டார்கள். ஏப்ரல் 18 அன்று வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் அடக்கம் நடந்தபோது தூக்கி வந்தவர்களில் ஜேக்கப் ஒருவர்தான் அங்கே இருந்தார், அதுவும் மிஷன் சங்கம் வழிச்செலவு கொடுத்ததால். கடைசிப் பயணத்தின் ஆரம்பம் முதல் லிவிங்ஸ்டனோடு நடந்த சூசியும் சுமாவும் அடக்கத்துக்கு வரவில்லை, பிற்பாடு ஒரு நண்பர் செலவில் இங்கிலாந்து போனார்கள். ராயல் புவியியல் சங்கம் அறுபது பதக்கம் அடித்தது. அதற்குள் ஆட்கள் திசைக்கொருவராகப் போய்விட்டிருந்தார்கள்.

ஒரு சின்ன விஷயம் என்னை விடாமல் உறுத்துகிறது. சித்தாம்போவின் ஊரில் அந்த மரத்தில் ஜேக்கப் லிவிங்ஸ்டன் பெயரைச் செதுக்கியபோது, கூட வந்த தலைக்கட்டுகள் சிலரின் பெயரையும் சேர்த்தே செதுக்கினார். வெஸ்ட்மின்ஸ்டர் தரையில் பதித்த கல்லில் விசுவாசமுள்ள கைகள் நிலமும் கடலும் கடந்து கொண்டுவந்ததாக எழுதியிருக்கிறது. கைகளுக்குப் பெயர் இல்லை.

இப்போது சிங்க அட்டைக்கு வாருங்கள். 1844, மபோட்சா. சிங்கம் இடது தோளைக் கவ்வி எலும்பை நொறுக்கியது, சரி. சிங்கத்தின் வாயிலிருந்து அவரை எடுத்தது யார்? மெபால்வே என்ற உபதேசியார். துப்பாக்கியைத் தூக்கியவர் அவர்தான். சிங்கம் லிவிங்ஸ்டனை விட்டுவிட்டு அவர் தொடையைக் கடித்தது. நம் அட்டையில் மெபால்வே இல்லை, சிங்கமும் வெள்ளைத் தொப்பியும்தான். லிவிங்ஸ்டன் தன் 1857 புத்தகத்தில் மெபால்வேயின் பெயரை ஒளிக்கவில்லை. நறுக்கியது பின்னால் வந்தவர்கள். திருநெல்வேலிப் பக்கத்துச் சபைகளில் உபதேசியார் வீட்டுப் பிள்ளைகள் எத்தனை பேர் அந்தப் பாயில் உட்கார்ந்திருப்பார்கள், நினைத்துப் பாருங்கள்.

செச்செலே கதையும் இப்படித்தான். பக்வேனா மக்களின் அரசர். லிவிங்ஸ்டனிடம் எழுத்துக் கற்று, 1848இல் ஞானஸ்நானம் வாங்கினார். அதற்காக ஐந்து மனைவியரில் நால்வரை அவரவர் பிறந்த வீட்டுக்கு அனுப்பினார். அனுப்பப்பட்ட நால்வரின் கண்ணீரை எந்த மிஷனரி அறிக்கையும் கணக்கில் சேர்க்கவில்லை. சில மாதத்தில் அவர்களில் ஒருத்தி செச்செலேயால் கர்ப்பமானார். திருவிருந்திலிருந்து அவரை விலக்கினார் லிவிங்ஸ்டன். தன் ஊழியம் தோற்றது என்று நினைத்து வடக்கே நடந்தார். செச்செலே என்ன செய்தார்? வேதத்தைக் கீழே வைக்கவில்லை. தன் ஜனங்களுக்குத் தானே வாசித்தார், ஜெபம் நடத்தினார், பிரசங்கித்தார், 1892இல் சாகும்வரை. லிவிங்ஸ்டனின் ஊழியத்தில் விளைந்த பெரிய கனி, அவரே கைவிட்ட இந்த மனிதர்தான் என்று இன்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கும் அப்படித்தான் படுகிறது.

இனி, நீங்கள் வழக்கமாக ஆரம்பிக்கும் பருத்தி மில். அதைச் சொல்லும்போது உங்கள் குரலே மாறிவிடும், எனக்குத் தெரியும். ஸ்காட்லாந்தில் பிளான்டையர் என்ற மில் ஊர், பத்து வயசுப் பையன், காலை ஆறு முதல் இரவு எட்டு வரை அறுந்த இழைகளை ஒட்டும் வேலை, முதல் வாரக் கூலியில் வாங்கிய லத்தீன் இலக்கணம், எந்திரத்தின் மேல் விரித்துவைத்து நடந்துகொண்டே படித்தது. என் தாத்தாவும் மில்லில் இழை ஒட்டியவர்தான். விரல் நுனி தடித்து, குண்டூசியால் குத்தினாலும் உறைக்காது. அதனால் எனக்கும் அந்தப் பகுதி வந்தால் தொண்டை அடைக்கும்.

ஆனால் அந்தப் பஞ்சு எங்கிருந்து வந்தது? கரீபியன் தீவுகளிலும் அமெரிக்காவிலும் ஆப்பிரிக்க அடிமைகள் எடுத்த பஞ்சு. அடிமை வியாபாரத்தை ஒழிக்க உயிரைக் கொடுத்தவர், அடிமைகள் பறித்த பஞ்சின் இழையை ஒட்டித்தான் வளர்ந்தார். 2022இல் கிளாஸ்கோ மாநகராட்சிக்கான ஆய்வறிக்கை ஒன்று இந்தக் காரணத்தைச் சொல்லி அவர் சிலையையும் அடிமைத்தனத்தோடு தொடர்புள்ள சிலைகளின் வரிசையில் சேர்த்தது. எனக்கு அது ஒப்பவில்லை. பத்து வயசில் வயிற்றுக்காக மில்லுக்குப் போன பிள்ளையின் கணக்கில் முதலாளியின் பாவத்தை எழுதுவது என்ன நியாயம்? அதே சமயம் அந்தப் பஞ்சின் ஊரைப் பிள்ளைகளிடம் சொல்லாமல் மறைப்பதும் சரியில்லை. ஏனென்றால் அவர் வாழ்க்கையின் மீதிக் கதை அந்தப் பஞ்சில்தான் சுற்றிக்கிடக்கிறது.

அடிமை வியாபாரத்தை வெறும் பிரசங்கத்தால் நிறுத்த முடியாது என்பது அவர் முடிவு. ஆளை விற்பதைவிட லாபமான ஒன்று ஆப்பிரிக்காவில் வேண்டும். பருத்தி. ஆப்பிரிக்கர் தம் நிலத்தில் சுதந்திரமாகப் பருத்தி விளைவித்தால் பிரிட்டனின் மில்கள் அமெரிக்க அடிமைப் பஞ்சை விட்டுவிடும் என்று கணக்குப் போட்டார். கிறிஸ்தவமும் வணிகமும் போக வழி திறக்கத் திரும்பிப் போகிறேன் என்று 1857 டிசம்பரில் கேம்பிரிட்ஜில் மாணவர்களிடம் சொன்னதன் பின்னால் இருந்தது இந்தக் கணக்குதான். அரசு பணம் கொடுத்தது. 1858இல் நீராவிப் படகோடு சாம்பெசி ஆற்றுக்குள் போனார்.

அந்த ஆறு வருஷத்தைப் பற்றி நம் கதையில் ஒரு அட்டையும் இல்லை. இருந்தால் பிள்ளைகள் பயப்படுவார்கள். கப்பல் போகும் என்று அவர் ஊருக்கெல்லாம் சொன்ன ஆற்றில் கெப்ரபாசா பாறைகள் குறுக்கே நின்றன. முன்பு அந்தப் பக்கம் வந்தபோது அந்த வளைவைப் பார்க்காமல் சுற்றிக்கொண்டு போயிருந்தார், ஆனாலும் வழி உண்டு என்று எழுதியிருந்தார். அவர் எழுத்தை நம்பி லண்டன் மிஷனரி சங்கம் லின்யாந்திக்கு இரண்டு குடும்பங்களை அனுப்பியது. ஹெல்மோர் தம்பதியும் அவர்கள் பிள்ளைகளில் இருவரும், இன்னொரு மிஷனரியின் மனைவியும் கைக்குழந்தையும் காய்ச்சலில் போனார்கள். பல்கலைக்கழக மிஷனின் பிஷப் மெக்கன்சி ஒரு வருஷத்தில் செத்தார். கூட வந்த ஓவியர் தாமஸ் பெயின்ஸைத் திருட்டுப் பட்டம் கட்டி நீக்கினார், பெயின்ஸ் கேட்ட விசாரணையைக் கடைசிவரை தரவில்லை. 1862 ஏப்ரலில் மனைவி மேரி ஷுபாங்காவில் இறந்தார்.

மேரியைப் பற்றி ஒரு வார்த்தை. நிறைமாதமாக மாட்டுவண்டியில் கலஹாரியைத் தாண்டியவர் அவர். 1850இல் பிறந்த பெண்குழந்தை ஆறு வாரத்தில் போனது. மறுவருஷமும் கர்ப்பிணியாகவே வண்டி ஏறினார், ஆற்றங்கரையில் பிள்ளை பெற்றார். மேரியின் அம்மா மருமகனுக்கு எழுதிய கடிதத்தை லிவிங்ஸ்டனை மிகவும் மதிக்கிறவர்கள் படிக்காமல் இருப்பது நல்லது. மூத்த மகன் ராபர்ட் அப்பாவோடு ஒட்டாமல் வளர்ந்தான். வேறு பெயரில் அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடபடையில் சேர்ந்து, 1864 டிசம்பரில் தென்மாநிலச் சிறை முகாமில் பதினெட்டு வயசில் இறந்தான். அடிமை முறைமேல் நின்ற பருத்தி ராஜ்யத்தை எதிர்த்த படை அது. அப்பா வாழ்க்கையெல்லாம் சொன்னதை மகன் அங்கே போய்ச் செய்திருக்கிறான்.

அதே வருஷம் ஜூனில் லிவிங்ஸ்டன் தன் சின்ன நீராவிக் கப்பலைத் தானே ஓட்டி இந்து மகா சமுத்திரத்தைக் கடந்து பம்பாய்க்கு வந்தார். அமெரிக்கப் போரால் பம்பாய் பருத்தியில் கொழித்துக்கொண்டிருந்த காலம். பிறகு கப்பலை வந்த விலைக்கு விற்று, பணத்தை இந்திய வங்கி ஒன்றில் போட்டார். போர் முடிந்து பருத்தி விலை சரிந்ததில் வங்கிகள் வரிசையாகக் கவிழ்ந்தன. அந்தப் பணமும் போனது.

பருத்திக் கதையின் கடைசிக் கண்ணி மலாவியில், மகோமெரோ என்ற இடத்தில் இருக்கிறது. 1861இல் லிவிங்ஸ்டனும் பிஷப் மெக்கன்சியும் போன கூட்டத்தார் அடிமை வரிசை ஒன்றை மறித்து 84 பேரை விடுவித்தார்கள். அவர்களில் ஒரு சிறுவன்தான் பிற்பாடு உடலோடு நடந்த சுமா. விடுவித்தவர்களைக் குடியமர்த்திய ஊர் மகோமெரோ. முப்பது வருஷம் கழித்து பிரிட்டிஷ் கொடி ஏறியபோது, அந்த மண் உள்பட ஒன்றரை லட்சம் ஏக்கருக்கு மேல் லிவிங்ஸ்டனின் மகள் ஆக்னஸின் கணவர் குடும்பத்துக்குச் சொந்தமானது. பேரப்பிள்ளைகள் காலத்தில் அங்கே பருத்தி விளைந்தது. குடியிருக்கும் இடத்துக்கு வாடகையாக உடலுழைப்பு கொடுக்கும் 'தங்கட்டா' என்ற முறையில் ஆப்பிரிக்கர்கள் அந்தப் பருத்தியை எடுத்தார்கள். சுதந்திரப் பருத்தி என்று தாத்தா கண்ட கனவு அங்கே போய் முடிந்தது. தோட்ட மேலாளர் பெயரும் லிவிங்ஸ்டன்தான், வில்லியம் ஜெர்விஸ் லிவிங்ஸ்டன். ஆப்பிரிக்கர் கட்டிய ஜெபவீடுகளைக் கொளுத்தியவர். 1915 ஜனவரியில் ஜான் சிலெம்ப்வே என்ற கறுப்புப் போதகர் கிளர்ந்தபோது அந்த மேலாளரின் தலை போனது. சில நாளில் சிலெம்ப்வேயும் சுட்டுக் கொல்லப்பட்டார்.

இன்று மலாவியின் பெரிய வணிக நகரத்துக்குப் பெயர் பிளான்டையர், அந்த ஸ்காட்லாந்து மில் ஊரின் பெயர். அங்கே கடையில் நீட்டும் பணத்தாளில் சிலெம்ப்வேயின் முகம். பக்கத்து ஜாம்பியாவில் லிவிங்ஸ்டன் என்ற ஊர் அப்படியே இருக்கிறது. அவர் இறந்த நூற்றாண்டு விழாவில், 1973இல், அவரை ஆப்பிரிக்காவின் முதல் விடுதலைப் போராளி என்கிற அளவுக்குப் புகழ்ந்தார் ஜாம்பியாவின் முதல் ஜனாதிபதி கென்னத் கவுண்டா, மிஷன் ஊழியரின் மகன். அந்த மக்கள் இரண்டையும் சேர்த்தே வைத்துக்கொண்டு பிழைப்பைப் பார்க்கிறார்கள். நமக்குத்தான் ஒன்றைப் பிடித்தால் இன்னொன்று கைநழுவுகிறது.

பிள்ளைகளுக்கு இதெல்லாம் கனமாக இருக்கும் என்பீர்கள். சிலுவை மரணத்தை ஆணி வரைக்கும் சொல்கிற நாம் இதற்குத் தயங்க வேண்டுமா? வயதுக்குத் தக்கபடி சொல்லலாம். பெரிய வகுப்புக்கு நியாங்வேயைச் சொல்லுங்கள். 1871 ஜூலை 15, லுவலாபா ஆற்றங்கரைச் சந்தை, பெரும்பாலும் பெண்கள். அடிமை வியாபாரிகளின் ஆட்கள் சுட ஆரம்பித்தார்கள். தண்ணீரில் குதித்துச் செத்தவர்களையும் சேர்த்து நூற்றுக்கணக்கில் மாண்டார்கள். லிவிங்ஸ்டன் கரையில் நின்று பார்த்தார். மையும் தாளும் தீர்ந்துபோய், பழைய செய்தித்தாளின் அச்சுக்குக் குறுக்கே காட்டு விதைச் சாற்றைத் தொட்டு எழுதிவைத்தார். அந்தச் செய்தி லண்டனுக்குப் போய்ச் சேர்ந்து கிளப்பிய கோபத்துக்கு, 1873 ஜூனில் சான்சிபார் அடிமைச் சந்தை மூடப்பட்டதில் பங்குண்டு. இது அவருக்குச் சேரவேண்டிய பெருமை, யாரும் பறிக்க முடியாது.

அந்த மனிதர் அந்த ஊருக்கு யாரோடு போயிருந்தார் தெரியுமா? அதே வியாபாரிகளின் துணையோடு. பல வருஷம் அவர்கள் கொடுத்த சோறும் மருந்தும்தான் அவரை உயிரோடு வைத்திருந்தன. அவருக்கென்று சான்சிபாரிலிருந்து அனுப்பிய கூலியாட்களும் அங்கிருந்த இந்திய பனியாக்களின் அடிமைகள். சாயம் மங்கிய அந்தச் செய்தித்தாள்களைச் சில வருஷத்துக்கு முன் ஆய்வாளர்கள் பலநிற ஒளியில் படமெடுத்து வாசித்தார்கள். 1874இல் ஹொரேஸ் வாலர் என்ற குருவானவர் பதிப்பித்த நாட்குறிப்பும் மூலமும் பல இடத்தில் ஒத்துப்போகவில்லை. அன்றைய வெறியாட்டத்தில் தன் ஆட்களின் கை இருக்குமோ என்ற கலக்கம் மூலத்தில் தெரிவதாகச் சொல்கிறார்கள். மெபால்வேயை நறுக்கிய அதே கத்தரிக்கோல் இங்கே லிவிங்ஸ்டனைக் காப்பாற்ற வேலை செய்திருக்கிறது.

ஒன்று சொல்லிவிடுகிறேன். அவர் படத்தைக் கழற்றச் சொல்லி நான் எழுதவில்லை. லுவாண்டா துறைமுகத்தில் ஊருக்குப் போகக் கப்பல் தயாராக நின்றபோது, கூட வந்த 27 பேரை வீட்டில் சேர்ப்பதாகக் கொடுத்த வாக்குக்காக வந்த வழியே திரும்பி நடந்த மனிதர் அவர். அந்த அட்டையும் நம்மிடம் இல்லை. அந்த 27 பேரைத் துணைக்கு அனுப்பியவர் மக்கோலோலோ அரசர் செக்கெலெட்டு. அடுத்த நடைக்கு நூறு பேருக்கு மேல் ஆளும், விற்றுச் செலவு பார்க்கத் தந்தமும் கொடுத்தவரும் அவரே. பேரருவிக்குப் போனதும் செக்கெலெட்டுவின் ஆட்கள் படகு வலித்துத்தான். மோசி-ஓவா-துன்யா என்று அதற்கு ஏற்கெனவே பெயரும் இருந்தது.

வரும் மே மாத விடுமுறை வேதாகமப் பள்ளிக்கு ஐந்தாவது அட்டை ஒன்று தயார் செய்துகொண்டிருக்கிறேன். தங்கை மகள் நன்றாக வரைவாள். தார் பூசிய பொதி நடுவே, கம்பின் முன்னால் சூசி, பின்னால் சுமா. ஒரு பக்கம் ஜேக்கப், கையில் நோட்டு, அவரும் வழியெல்லாம் நாட்குறிப்பு எழுதினார். இன்னொரு பக்கம் சமையல் பாத்திரங்களோடு ஹலிமா, லிவிங்ஸ்டனுக்குக் கடைசிவரை பொங்கிப்போட்டவர். பொதியைச் சின்னதாக வரை, முகங்களைப் பெரிதாக வரை என்று சொல்லியிருக்கிறேன். "இவங்க எல்லாருக்கும் பேரு எங்க எழுதணும் மாமா?" என்று கேட்டாள். கீழே இடம் விட்டு வரையச் சொன்னேன். அளவு உங்கள் பழைய அட்டைகளின் அளவுதான், பெட்டிக்குள் சரியாக உட்காரும்.

இப்படிக்கு,
கர்த்தருக்குள் உங்கள் பழைய மாணவன்